அப்பா கட்டிய கறுப்புக்கொடி

அம்மா,

எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று சித்தி இன்று கொத்தமல்லி அவித்தார். அந்த மணம் அறைக்குள் ஏறியபோது நீங்கள் இன்னும் உயிரோடு பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. சித்தி தூங்கிவிட்டார். போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். நாளை நான் பேச வேண்டும். பயமாக இருக்கிறது.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், கண்டியில் அரசாங்கத்துக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் ஒரு அரசாங்கக் கந்தோர்க் கட்டடத்தின் கதவை உடைத்து ஏறினார்கள். மேல்மாடியில் கறுப்புக்கொடி கட்டியவர் அப்பா. பொலிஸ் தேட, வெளிநாடு போனார். கதவுடைத்துத் திருடியவர், திருப்பி அனுப்புங்கள் என்று நம் அரசாங்கம் அந்த நாட்டிடம் கேட்டது.

அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "களவெண்டால் பிடிச்சுக் குடுப்பினம். அரசியல் குற்றமெண்டால் குடுக்கத் தேவையில்லை." அப்பா கள்ளனா என்று கேட்டேன். "உன்ர கொப்பருக்கு ஒரு ரொபி இனிப்பைக்கூட ஒளிச்சுத் தின்னத் தெரியாது" என்றீர்கள். சிரித்ததில் எனக்குப் புரையேறியது.

போன கிழமை அப்பாவின் வக்கீல் அங்கிருந்து போனில் பேசினார். சித்தி முந்திக்கொண்டார். "அத்தானுக்கு அரசியலெண்டால் என்னெண்டே தெரியாது, ஐயா." யார் விசாரித்தாலும் நம் வீடுகளில் தானாக வரும் பதில் அதுதானே. அதைச் சொல்லித்தான் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறோம். அரசியல் இல்லையென்றால் மிஞ்சுவது உடைந்த கதவு மட்டும்தான், அப்பாவை அனுப்பிவிடுவார்கள் என்றார் வக்கீல். கொடி கட்டியதை யாராவது பார்த்தீர்களா என்றும் கேட்டார்.

சித்தி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். ஆனால் அன்று வீதியின் எதிர்ப்பக்கத்தில் உங்கள் குடைக்குள் நின்றவள் நான்.

"நான் பார்த்தனான்" என்றேன். "கொடி கட்டத்தான் அப்பா ஏறினவர். வெறுங்கையோட இறங்கினவர்."

அதைத்தான் நாளை அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு வீடியோத் திரையில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு யாராவது தேடி வந்தால் என்ன செய்வாய் என்று சித்தி ஏசினார். இன்று பின்னேரம் அவராகவே வந்து, "நானும் பக்கத்தில இருக்கிறன். தண்ணி குடிச்சிட்டுக் கதை" என்றார்.

நீங்கள் கண்டி நீதிமன்றத்தில் மொழிபெயர்த்த காலத்தில், பயந்த சாட்சிகளுக்கு ஒன்று சொல்வீர்களாம்: "நீங்கள் நடுங்கி நடுங்கிச் சொல்லுங்கோ. நான் சொல்லைத்தான் மொழிபெயர்ப்பன், நடுக்கத்தை இல்லை."

நாளை என் சொற்களை மொழிபெயர்க்கப் போகிறவரை எனக்குத் தெரியாது. அவரும் உங்களைப் போலத்தான் இருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன், அம்மா. நடுங்கிக்கொண்டே சொல்லிவிடுவேன்.