பாஸ் பெட்டி மேல் லேப்டாப்

செப்டம்பர் 20, 2015. கெதிரி

இன்றைக்கும் பாதிப் பாட்டில் நின்றுவிட்டது. என் தொண்டை இல்லை, அத்தானின் லேப்டாப். தாளம், புல்லாங்குழல் எல்லாம் அதற்குள்தான். அத்தான் தர்யோனோ கீபோர்டில் மேலாக்க விரலோட்டுவார், அவ்வளவே. கல்யாண வீட்டுப் பெண்கள் ஆட எழுந்த நேரம். நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

"என்னம்மா, சாவி குடுத்தது தீந்துபோச்சா?" என்றார் மாப்பிள்ளையின் மாமன். ஒரே சிரிப்பு.

செப்டம்பர் 21

வீட்டில் ஒழுங்காக ஓடுகிறது! என் பாட்டுகளைத் திறந்து பார்த்தேன். நானே கட்டி, மதியங்களில் அதிலேயே பதிந்தவை. ஏழும் இருக்கின்றன. அக்டோபர் நடுவில் பிறக்கும் சூரோ மாதத்தில் கல்யாணங்கள் கிடையாது, ஆகாத மாதம். அந்த மாதக் கடைசியில் கொண்டு வா என்று சுரபாயா ஸ்டுடியோக்காரர் சொல்லியிருக்கிறார். "ஆனா வேற எங்கயும் பாடாத புதுப் பாட்டா இருக்கணும்." அது அமைந்தால் அக்கா வீட்டுப் பின்னறையையும் அத்தானின் குழுவையும் விட்டுப் போய்விடலாம்.

ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் பென்டிரைவ் செருகும் ஓட்டைகளில் அத்தான் டேப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டிருக்கிறார். முன்பு குழுவில் இருந்த ஒருவன் அவருடைய தாளங்களைத் திருடிக்கொண்டு போய்த் தனிக்கடை போட்டுவிட்டான். சூடு கண்ட பூனை. அதற்கு நான் என்ன செய்ய?

செப்டம்பர் 27

மறுபடியும். எதிர்க்குழு செய்வினை வைத்துவிட்டதாம். அக்கா உப்பும் மல்லிகையும் மடித்து லேப்டாப் அடியில் வைத்தாள். உப்பு! மெஷினுக்கு!

செப்டம்பர் 29

பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். மெதுவான பாட்டில் அது நிற்பதே இல்லை. ஆட்டப் பாட்டில், சத்தத்தை ஏற்றியதும்தான் நிற்கிறது. லேப்டாப் இருப்பது எங்கே? பாஸ் ஸ்பீக்கர் பெட்டி மேல். இங்கே எல்லாக் குழுவும் அங்கேதான் வைக்கிறது, கைக்கு எட்டும் என்று. பாட்டுக்கு நடுவே பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தேன். தோள்வரை அதிர்ந்தது. லேப்டாப்புக்குள் சுழலும் டிஸ்க் தட்டு என்ன பாடுபடும்?

சொன்னேன். "பாட வந்தியா, பாடு," என்றார் அத்தான்.

அக்டோபர் 2

கடைசியில் ரிப்பேர் கடை. அதிர்வைப் பற்றி அங்கேயும் சொன்னேன். கடைக்காரர் கோ ஹெங்கி சோதித்துவிட்டு, "தங்கச்சி சொன்னது சரிதான்," என்றார். "ஹார்ட் டிஸ்க் போயிட்டிருக்கு. தட்டுல அங்கங்க அடிபட்டிருக்கு. ஓட்ட ஓட்ட இன்னும் போகும். விட்டுட்டுப் போங்க, எல்லாத்தையும் வேற டிஸ்க்குல காப்பி எடுத்துடறேன்."

"விட்டுட்டுப் போயி? நாளைக்குக் கல்யாணத்துல வாயாலயா தாளம் போடறது? நீங்க காப்பி எடுத்து எவனுக்கு விப்பீங்களோ!"

"உங்க தாளம் எனக்கெதுக்கு? என் வீட்ல பொண்டாட்டி போடறதே தாங்க முடியல."

அத்தான் சிரிக்கவில்லை. மூடித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அக்டோபர் 6

டிக். டிக். காதை வைத்தால் கேட்கிறது.

டேப்பைப் பிய்த்தால் கையெழுத்து கிழியும். கிழிந்தால் இந்த வீட்டில் எனக்கு இடமில்லை. என் பாட்டெல்லாம் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு, நான் இங்க மாட்டிக்கிட்டேன். தெனம் அந்தப் பெட்டி மேலதான் ஏத்தறாரு. தெனம் அந்தச் சத்தத்துக்குத்தான் பாடறேன். என் பாட்டை நானே கொல்றேனா? அழுகையா வருது.

அக்டோபர் 12

சூரோவுக்கு முந்தைய கடைசிக் கல்யாணம். மூன்றாம் பாட்டில் நின்றது. எழவே இல்லை.

அக்டோபர் 14

இன்று சூரோ பிறக்கிறது. அத்தான் வேண்டுதலுக்குக் காவி மலைக்குப் போய்விட்டார். காப்பி எடுக்க ஒருவழியாகச் சம்மதம். கடையில் காவலுக்கு நான்.

"முழுசா வராது," என்றார் கோ. "எந்த நேரமும் செத்துப்போகும். எதை மொதல்ல எடுக்கட்டும்?"

அத்தானுடையது ஒரு ஆயுசு உழைப்பு. குழுவே அதில்தான் சாப்பிடுகிறது, அக்காவும் சேர்த்து. என்னுடையது ஏழு பாட்டு.

"என்னோடது," என்றேன். அவர் காதில் விழவில்லை. மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

ஏழும் வந்தன. அத்தானுடையதில் நாலைந்து தாளம் வந்தது. அப்புறம் வெறும் டிக்டிக். கோ எனக்குத் தனியாக ஒரு பென்டிரைவும் போட்டுக் கொடுத்தார்.

அக்டோபர் 17

அத்தான் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வந்ததை ஒவ்வொன்றாகத் திறந்தார். பிறகு என் பாட்டைப் போட்டார்.

"ஏ வினார்த்தி, நல்லாத்தானே இருக்கு! அல்லா ஒரு கதவை அடைச்சா இன்னொண்ணைத் திறக்கறான் பாரு. அடுத்த வாரம் ஊர் விருந்து இருக்குல்ல, இதை வெச்சே ஆரம்பிப்போம்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்ல?

அக்டோபர் 24

ஏழையும் பாடினேன். மைதானம் முழுக்கச் செல்போன் வெளிச்சம். படமெடுத்துத் தள்ளினார்கள். "அத்தனையும் என் பாட்டு!" என்று மைக்கில் சொன்னார் அத்தான்.

நவம்பர் 9

சுரபாயா. ஸ்டுடியோக்காரர் பாதிப் பாட்டிலேயே நிறுத்தினார். "இதை என் டிரைவரே போன்ல வெச்சிருக்கானேம்மா. யாரோ தர்யோனோ பாட்டுன்னு சொன்னான். வேற புதுசா இருந்தா கொண்டு வா."

அன்று அத்தானுடையதை முதலில் எடுக்கச் சொல்லியிருந்தால் என்னுடையவை அதற்குள்ளேயே செத்திருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது மேலா, இது மேலா? தெரியவில்லை.

நவம்பர் 15

சூரோ முடிந்து முதல் கல்யாணம். புது டிஸ்க் போட்டுக் கொடுத்தபோது கோ இரண்டு தடவை சொன்னார், பெட்டிமேல் வைக்காதீங்க என்று. அத்தான் அங்கேதான் வைத்தார். கைக்கு எட்டுமாம்.

பக்கத்தில் ஒரு காலி நாற்காலி கிடந்தது. இழுத்துப்போட்டு லேப்டாப்பை அதில் மாற்றியிருக்கலாம்.

நான் மைக்கை எடுத்துக்கொண்டு, சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன்.