அப்பாவுக்கு நெறி கட்டிய கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது, இங்கே நாங்கள் சௌக்கியம், நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். போன வாரம் அப்பா ஏன் போனில் பேசவில்லை என்று கேட்டாயே, தூங்குகிறார் என்று சொல்லச் சொன்னது அவர்தான். உண்மையில் வலது தாடைக்கு அடியில் எலுமிச்சம்பழம் மாதிரி நெறி கட்டி, தொட்டால் உயிர் போகிற வலி, வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. டிரைவிங் ஸ்கூலில் நாளெல்லாம் பிரேக்கை மிதி பிரேக்கை மிதி என்று கத்துகிற மனிதர் ஊமையாகிவிட்டதில், ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண் நேராகப் போய்க் குப்பைத் தொட்டியில் முட்டிவிட்டாளாம். கீழ்வீட்டுத் தையல்காரர் பொன்னுக்கு வீங்கி என்றார், உன் சித்தி சொத்தைப் பல் என்றாள், இவரோ காஸ் சிலிண்டர் எப்படி மாற்றுவது என்று எனக்கு ஜாடையில் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார், தான் இல்லாத நாளை நினைத்துச் செய்கிறார் என்று புரிந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த லேடி டாக்டர் பல், தொண்டை, காது எல்லாம் பார்த்தாள், எங்கேயும் புண்ணில்லை. எங்கேயோ தேள் கொட்டினால் எங்கேயோ நெறி கட்டும் என்பார்களே, அதுபோலக் கிருமி முகத்தில் அந்தப் பக்கம் எங்கே புகுந்தாலும் இங்கேதான் வீங்குமாம். கன்னத்தில் ஆறிக்கொண்டிருந்த கீறலைப் பார்த்துவிட்டு வீட்ல பூனை இருக்கா சார் என்றாள். நீ விட்டுப்போன குட்டியை நாளைக்கே துரத்துகிறேன் என்று தினமும் குதிக்கிறவர் இல்லையா உன் அப்பா, இருக்கு, நான் அந்தச் சனியன் பக்கமே போறதில்ல, இது ஷேவ் பண்ணும்போது பட்டது என்று முனகினார். பிளேடு மூணு கோடா கீறாதே சார் என்றாள் அவள். அப்புறம் என்ன, குட்டு உடைந்தது. நான் குளிக்கப் போனதும் அதை மடியில் போட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து, ராஜாத்தி என்று கொஞ்சுவாராம். கல்யாணம் ஆனதிலிருந்து என்னை ஒருநாள் அப்படிக் கூப்பிட்டிருப்பாரா கேள்.

பயப்பட ஒன்றுமில்லை, பூனை நகத்திலிருந்து வந்த கிருமிதானாம், மாத்திரை கொடுத்திருக்கிறாள், வீக்கம் மெல்ல வற்றுகிறது, வற்றாவிட்டால் மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள். பூனையைச் சித்தி வீட்டில் விட்டுவிடலாமா என்று கேட்டேன், அவர் எழுந்து நகவெட்டியைத் தேடப் போய்விட்டார். நீயும் அப்பா பிள்ளைதானே, உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே, கீறல் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவு. நோய்நொடி அண்டாமல் நீ நூறு வயது வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் பூனைக்குச் சக்களத்தியாகிவிட்ட
அம்மா