ஆறு மாத்திரையும் ஒரு சத்தியமும்

புந்தோங், ஈப்போ
ஆகஸ்ட் 3

ரூபனுக்கு,

கலாதேவி எழுதுவது. முதலில் ‘அன்புள்ள தம்பி’ என்று எழுதி அடித்திருக்கிறேன். நீ பார்க்க வேண்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. நலமா என்று கேட்கப் போவதுமில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். எனக்கு எப்படித் தெரியும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். தினேஸ்வரி அனுப்பும் மெசேஜ்களைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். பெற்ற மகள் அப்பாவுக்காகச் சித்தப்பாவிடம் கெஞ்சுகிறாள், உனக்கு உறைக்கவில்லை. சிங்கப்பூர் தபால்காரனை உன்னால் பிளாக் செய்ய முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் அண்ணனுக்குக் குடலில் புற்றுநோய். இது உனக்குத் தெரியும். பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். இதுவும் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. சம்மதப் பாரத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டாராம். காரணம் நீ.

தை மாதம் உங்கள் அப்பாவுக்கு ஆறாம் வருஷத் திதி கொடுத்தோமே, அந்தப் படையலை நினைத்துப் பார். ஸ்டவுட் பீர் பாட்டில், கருவாட்டுப் பொரியல், அவர் குடித்த சுருட்டு எல்லாம் வைத்த இடத்தில், நீ ஏஜெண்டாக இருக்கிற அந்த கிரீன் டீ மாத்திரை டின்னையும் கொண்டுவந்து வைத்தாய். பால் ஊற்றாத தேத்தண்ணியை ஆயுசில் தொடாத மனிதருக்கு! அப்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. அப்பாவைக் கொன்றது குடல் புற்று இல்லை, ஆபரேஷன் கத்திதான் என்றாய். “வயித்த திறந்தா காத்து பூந்து எல்லா எடத்துக்கும் பரவிரும்ணே. இத சாப்பிட்டா நமக்கு அந்த நோயே அண்டாதுலா” என்றாய். உடம்பில் கத்தி படவிட மாட்டேன் என்று உன் அண்ணனை அப்பா படத்துக்கு முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண வைத்தாய். தம்பி அழுகிறானே என்று அவரும் அடித்துக் கொடுத்தார்.

என் மேலும் தப்பு இருக்கிறது. காலையில் இரண்டு, மத்தியானம் இரண்டு, ராத்திரி இரண்டு என்று எடுத்துக் கொடுத்தது நான்தான். மார்ச் மாதமே அவருக்கு மலத்தில் ரத்தம் போயிருக்கிறது. மாத்திரை அழுக்கைக் கழுவித் தள்ளுகிறது என்று நீ போனில் சொன்னாயாம். மனுஷன் அதை நம்பி, ஒரு மாதம் என்னிடம்கூட மூச்சு விடாமல் ஃபேக்டரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி, ஆனால் இன்னும் பரவவில்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஜூனில் தேதி கொடுத்தார்கள். அதற்கு முன்னால் ரத்தம் சோதித்தால் ஈரல் கெட்டுப் போயிருக்கிறது. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் மூன்று முறை கேட்டும் இவர் இல்லை என்றே சொன்னார். உன் பேரைக் காப்பாற்றுகிறாராம்! நான் பையைத் திறந்து டின்னை மேசைமேல் வைத்தேன். குடிக்கிற தேத்தண்ணியால் ஒன்றும் ஆகாது, அதன் சத்தைப் பிழிந்து இவ்வளவு கெட்டியாகத் தின்றால் சிலருக்கு ஈரலை அடித்துவிடும் என்றார் டாக்டர். ஆபரேஷன் இரண்டு மாதம் தள்ளிப் போனது. அந்த இரண்டு மாதமும் கட்டி சும்மா இருந்திருக்குமா? நீயே சொல்.

நீ டின்னோடு கொடுத்த ஆராய்ச்சித் தாளை தினேஸ்வரி உட்கார்ந்து படித்தாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், அவளுக்குப் புரியும். பச்சைத் தேயிலையில் இருக்கிற ஏதோ ஒரு சத்து கண்ணாடித் தட்டில் புற்றுச் செல்லை அடக்கியதாம், எலிக்குக் கட்டி குறைந்ததாம். மனிதர்களில் சில ஆராய்ச்சி ஆமாம் என்கிறது, சில இல்லை என்கிறது. பொய்யென்று தள்ளிவிட முடியாதும்மா, ஆனால் வந்த கட்டியைக் கரைக்கும் என்று இதில் ஒரு வரிகூட இல்லை என்றாள். நீயும் படித்தவன்தானே. படிக்காமல் கொடுத்தாயா, படித்துவிட்டே கொடுத்தாயா?

கையெழுத்துப் போடுங்கள் என்று நானும் அழுதேன், கத்தினேன், இரண்டு நாள் சமைக்காமலும் கிடந்தேன். கற்பூரம் அடித்தாயிற்று, மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார். உங்கள் அப்பாவுக்கு வயிற்றைத் திறப்பதற்கு முன்பே ஈரலில் பரவியிருந்தது என்று டாக்டர் பழைய ஃபைலைப் பார்த்துச் சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டார், அசையவில்லை. கோயில் பூசாரியிடம் போனேன். சத்தியம் வாங்கியவனே அதே படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, விட்டுக் கொடுத்தேன் என்று சொன்னால் கட்டு நீங்கும் என்றார். அதற்கு இவர் தலையாட்டினார். போனில் சொன்னால் செல்லாதாம், நீ வர வேண்டும்.

இனி, நீ நலம் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். போன வாரம் உன் மனைவி புஷ்பலதா போன் பண்ணி அழுதாள். நாலு வருஷத்துக்கு முன்பே நீ அங்கே குழாய் விட்டுப் பார்த்து, இரண்டு சின்னக் கட்டியை எடுத்துப் போட்டுவிட்டு வந்தாயாமே. உனக்கு டாக்டர், உன் அண்ணனுக்கு டின்னா? என் கையில் கிடைத்திருந்தால் உன்னை விளக்குமாற்றால் அடித்திருப்பேன்.

இதை அவரிடம் நான் சொல்லவில்லை. நேற்றுகூட, “ரூபனுக்கு வேல ஜாஸ்திலா, அதான் போன் எடுக்கல” என்று உனக்காக என்னோடு சண்டை போட்டார். நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். நீ உன் வாயால் சொல்ல வேண்டும். கோபப்படட்டும், அடிக்கட்டும், ஒரு மாதம் உன் முகத்தில் முழிக்காமல் இருக்கட்டும். கோபப்பட அவர் உயிரோடு இருந்தால் எனக்குப் போதும்.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமைக்குள் வந்துவிடு. நீ வருகிறாய் என்று தெரிந்தால் பஸ் ஸ்டேஷனுக்கு அவரே வந்து நிற்பார். நான் தடுக்க மாட்டேன்.

புஷ்பலதாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு ஆசீர்வாதம் எழுத எனக்கு மனசு வரவில்லை. ஆனால் உனக்கு அடுத்த சோதனைக்கு டாக்டர் கொடுத்த தேதியைத் தவற விடாதே. இந்த வீட்டில் இன்னொரு ஆம்பளைக்கு அது வந்து என்னால் பார்க்க முடியாது.

கலாதேவி