லூமுட்டுக்கு நானே ஓட்டிப் போவது

ஜூன் 10, செவ்வாய்
சாலை வரைபடப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டியாயிற்று. ஈப்போ, லூமுட், சித்தியவான், சபாக் பெர்ணம், செகிஞ்சான், கோலசிலாங்கூர். கடலோரச் சாலை என்று பெயர். பாதித் தூரம் செம்பனை எண்ணெய்த் தோட்டந்தான். அவர் இருந்தபோது ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் திட்டம் போட்டோம். ஒரு முறைகூடப் போகவில்லை.

நேற்று மகன் தொலைபேசியில்: "சரிம்மா. தனியா ஓட்டிட்டுப் போய் வந்துருங்க. அப்புறம் காடிய விக்கச் சொல்லி வாயே தொறக்க மாட்டேன்லா."

ஒப்புக்கொண்டேன். கார் என்னிடமே இருக்கும். கண் மருத்துவர் சொன்னது அவனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஜூன் 11, புதன்
கடும் வெயில். டயருக்குக் காற்று. இடது பக்கக் கண்ணாடியைத் துடைத்தேன். குறை கண்ணாடியில் இல்லை. இடது ஓரத்தில் எனக்கு ஒன்றுமே இல்லை, இருட்டுகூட இல்லை. தலையைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

பக்கத்து வீட்டுச் சரோஜா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து: "போன்ல போட்டா ஒரு பொம்பள வழி சொல்லுவாலா, டீச்சர். இந்தப் பொஸ்தகம் எதுக்கு?"

"முன்னபின்ன தெரியாதவ பேச்சக் கேட்டு நான் திரும்ப மாட்டேன்."

"அப்ப தெரிஞ்ச நான் வாரேன்."

"நீ கடைக்குக் கடை நிறுத்தச் சொல்லுவ."

சிரித்தாள். தனியாகத்தான் போக வேண்டும்.

ஜூன் 12, வியாழன்
எடுத்துவைக்க: சேலை இரண்டு, சொட்டு மருந்து, பிளாஸ்க், பூதக்கண்ணாடி. வரைபடத்தில் செகிஞ்சானுக்குப் பிறகு சிவப்புக் கோடு இரண்டு முறை தவறிப்போனது. விரல் வைத்துப் படித்தேன். மோசமான அச்சு.

ஜூன் 13, வெள்ளி
விடிந்ததும் புறப்பாடு. சரோஜா எலுமிச்சம்பழங்களோடு வந்தாள். நான்கு சக்கரமும் பழத்தை நசுக்கிவிட்டுத்தான் வண்டி வெளியே போக வேண்டுமாம். மூடத்தனம் என்றேன்.

"நீங்க உக்காருங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்."

முன் சக்கரங்களுக்கு வைத்ததைப் பார்த்தேன். பிறகு ஆளைக் காணவில்லை. முடித்துவிட்டாள் என்று வண்டியைப் பின்னால் எடுத்தேன். தலையைத் திருப்பினேன். வலப் பக்கம் மட்டும்.

கத்தல்.

இடது பின்சக்கரத்தின் அருகே குந்தியிருந்திருக்கிறாள், மஞ்சள் கைலியில். யார் கண்ணுக்கும் தெரியும் இடம்.

மணிக்கட்டு முறிவு. மருத்துவமனையில், "சத்தங்குடுக்காம குந்துனது என் தப்புலா, டீச்சர்" என்றாள்.

ஜூன் 14, சனி
சரோஜா வீட்டுக்குச் சோறும் ரசமும். அவள் மகள் வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மகனை அழைத்தேன். காரை விற்றுவிடச் சொன்னேன்.

"ஏம்மா? பயணம் என்னாச்சு?"

"லூமுட்டுல மழையாம்."