எங்க வீட்டுக்காரர் வயிற்றில் போட்ட ஒட்டு

நவம்பர் 11, செவ்வாய். தூறல்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நேற்று ஆபரேஷன் ரூம் வாசலில் மயக்கம் போட்டு விழுந்தது நான்தான். நோயாளி எ.வீ. (எங்க வீட்டுக்காரர். தினமும் முழுசாக எழுதக் கை வலிக்கும்.) சிஸ்டர்கள் அவரை விட்டுவிட்டு என்னைத் தூக்கினார்களாம். அந்த வலியிலும் எ.வீ. தலையைத் தூக்கிப் பார்த்து, "நல்லா பாருங்க சிஸ்டர், நடிப்பா இருக்கும்" என்றாராம்.

பழிக்குப் பழி. காலையில் நான் அவரிடம் சொன்ன வார்த்தை அது.

எ.வீ.க்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. ஈரத்தோல் தூக்கித் தூக்கி இடுப்பு வலி. அங்கே எல்லோரும் செய்வதுதான்: ஷிப்டுக்கு முன்னால் டீக்கடையில் ஒரு டீ, ஒரு வலி மாத்திரை. வெறும் வயிறு. அந்தக் கடையில் பன்னும் மாத்திரையும் பக்கத்துப் பக்கத்து பாட்டிலில் இருக்கும். வருஷக்கணக்காக இதே கதை.

நேற்று டீக்கடைக்குப் போனவர் திரும்பி வந்து வாசலிலேயே சுருண்டு உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வேர்வை. "கத்தியால குத்தினாப்ல இருக்குதுடி."

நான்: "லீவு வேணும்னா கேட்டு வாங்கிக்கங்க. இன்னாத்துக்கு இவ்ளோ நடிப்பு?"

அவருடைய அக்கா ரூத், அடுத்த தெரு, விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்தார். "குடலேத்தம்டி ஸ்டெல்லா. வழிச்சு விட்டா எறங்கிடும்." எங்கள் பக்கம் வயிற்று வலிக்கு முதல் வைத்தியம் இதுதான். எண்ணெய்க் கையை வைத்ததுதான் தாமதம், எ.வீ. போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நானும் தொட்டுப் பார்த்தேன். தினமும் தட்டி விளையாடுகிற தொப்பை. பலகை மாதிரி இருந்தது. அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

எதிர்வீட்டு பஷீர் பாய் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "கைய எடுங்கம்மா மொதல்ல. எண்ணெய அப்பறம் வெளக்குக்கு ஊத்திக்கலாம். ஏறுங்க."

ஆம்பூரில் எக்ஸ்ரே. அங்கிருந்து ஆம்புலன்ஸில் வேலூர். டாக்டர் சின்னப் பொண்ணு, எங்க ஷூ கம்பெனி லைன் சூப்பர்வைசரை விடச் சின்னவள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். "நெஞ்சுக்குக் கீழ கறுப்பா ஒரு பிறை தெரியுது பாருங்கம்மா, அது காத்து. அங்க காத்து இருக்கவே கூடாது. மாத்திரையால இரைப்பையில புண்ணாகி ஓட்டை விழுந்துடுச்சு. உள்ள இருக்கறதெல்லாம் கசிஞ்சு பரவுது. லேட் பண்ணா உயிருக்கு ஆபத்து. ஒடனே வயித்தத் தொறக்கணும்."

'தொறக்கணும்' வரைக்கும் கேட்டது. அப்புறம் தரை.

எழுந்து, தண்ணீர் குடித்து, கையெழுத்துப் போட்டேன். கதவை மூடினார்கள். அவருடைய செருப்பு என் கையில். கீழே வைக்கத் தோன்றவில்லை. ரூத் அக்கா ஒரு சங்கீதத்தையே திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தரம் நிறுத்தி, "நான் தேச்சதால பெரிசாயிருக்குமாடி?" என்றார். "நீங்க தேய்க்கவே இல்லக்கா. அவுரு உட்டாரா?" என்றேன். அக்காவைக் கிண்டல் பண்ணக் கிடைத்த நல்ல சந்தர்ப்பம். கிண்டல் வரவில்லை.

டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கியதும் முதலில் பல்தான் தெரிந்தது. சிரித்தாள். போதும்.

12, புதன். மழை இல்லை.

எ.வீ. கண் திறந்தார். மூக்கில் ஒரு குழாய், விலாப்பக்கம் ஒரு குழாய், கையில் ஒன்று, கீழே ஒன்று. தண்ணீர் கூடக் கிடையாது. உதட்டில் ஈரப்பஞ்சு மட்டும்.

ஓட்டையை எப்படி அடைத்தீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்புச் சவ்வையே இழுத்து வைத்து ஒட்டுப் போட்டுத் தைத்தார்களாம். எ.வீ. காதில் சொன்னேன்: "இத்தன வருசம் தொப்பய திட்னேன். வாபஸ்."

கட்டுப் பிரிக்கும்போது தையலைப் பார்த்தேன் (இந்தத் தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு). நான் ஷூ கம்பெனியில் தையல் லைன். வாய் சும்மா இருக்குமா? "டாக்டர், எடம் விட்டு எடம் விட்டுப் போட்டிருக்கீங்க. எங்க லைன்ல இத செக்கிங் பாஸ் பண்ணாது."

"எங்களுக்கு எக்ஸ்போர்ட் இல்லம்மா" என்றாள் டாக்டர். கெட்டிக்காரி.

போகும்போது கேட்டாள்: "காத்து பிரிஞ்சுதா?" எனக்குப் புரியவில்லை. சிஸ்டர் விளக்கினார். பின்பக்கமாகக் காற்றுப் போனால்தான் குடல் வேலை செய்ய ஆரம்பித்தது என்று அர்த்தமாம். அதுவரை வாய் வழியாக ஒன்றும் இல்லை.

திங்கள்கிழமை காற்று இருந்தது தப்பு. இன்றைக்கு இல்லாதது தப்பு.

13, வியாழன். மூட்டம்.

வரவில்லை.

கேட்டவர்கள்: டாக்டர், சிஸ்டர், பெருக்கும் அம்மா, பக்கத்துக் கட்டில் குடியாத்தம் தறிக்காரர், போனில் பஷீர் பாய், லைன் சூப்பர்வைசர். கல்யாணமான புதிதில் 'விசேஷம் உண்டா' என்று கேட்டதற்கு அப்புறம் இத்தனை பேர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டது இப்போதுதான்.

ரூத் அக்கா பாஸ்டரோடு வந்தார். பாஸ்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடினார். "ஆண்டவரே, உம்முடைய பிள்ளைக்கு... ஒரு... ஒரு நல்ல..." வெகுநேரம் வார்த்தை தேடினார். தறிக்காரர் பொறுக்காமல், "காத்துங்க ஐயா, காத்து. சும்மா சொல்லுங்க" என்றார். எ.வீ. சிரித்து, தையல் இழுத்து, "ஐயோ" என்றார். ஆமென்.

சாயங்காலம் வயிறு கொஞ்சம் உப்பல். டாக்டர் தட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "நாளைக்கும் வரலன்னா ஸ்கேன் எடுக்கணும். ஒட்டு பிடிச்சிருக்கான்னு பாக்கணும்." பிடிக்காவிட்டால் என்று கேட்டேன். "மறுபடியும் தொறக்க வேண்டியிருக்கும்மா."

எ.வீ. தூங்குவது போல இருந்தார். கேட்டுவிட்டார் என்று தெரியும். என் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். இன்றைக்கு எனக்குக் கிண்டல் ஒன்றும் தோன்றவில்லை. அதையும் கவனித்திருப்பார்.

14, வெள்ளி. நல்ல வெயில்.

நடக்க வைக்கச் சொன்னார்கள். நடந்தால் குடல் முழிக்குமாம். குழாய்ப் பையை ஒரு கையில் கொடுத்தேன். "மீன் வாங்கப் போறாப்ல வாங்க. ஒரு ரவுண்டு." நாலு அடிக்கு ஒரு முறை நின்றார். முகம் வெளுத்துவிட்டது. "முடிலடி."

"ஈரத்தோலயே தூக்கற ஆளு, ஒரு பைய தூக்க முடிலயா?"

ஜன்னல் பக்கம் வந்ததும் சுத்தமாக நின்றுவிட்டார். கண் எங்கேயோ.

"ஸ்டெல்லா."

"இன்னா? வலிக்குதா?"

"இல்ல." பெண் பார்க்க வந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

"நெஜமாவா?"

"நடிப்பில்லடி."

சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். எப்போது அழுகையானது தெரியவில்லை. சுவரில் நெற்றியை வைத்து அழுதேன். சிஸ்டர் பயந்துபோய் ஓடி வந்தார். "இன்னாச்சும்மா? இன்னாச்சு?" கையை மட்டும் ஆட்டினேன். எ.வீ.தான் தலையைக் குனிந்துகொண்டு, "வந்துச்சு சிஸ்டர்" என்றார்.

தறிக்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடியே கை தட்டினார். ரூத் அக்காவுக்குப் போன் போட்டேன். "சத்தமா வந்துச்சாடி?" "அக்கா, உங்க தம்பி. வேற எப்டி வரும்?" அந்தப் பக்கம் அக்கா விம்முவது கேட்டது.

ஸ்கேன் வேண்டாம் என்றாள் டாக்டர். திறக்கவும் வேண்டாம்.

16, ஞாயிறு. வெயில். துணி துவைத்துக் காயப்போட்டேன்.

மூக்குக் குழாய் எடுத்தாச்சு. நேற்று தண்ணீர், கஞ்சித் தண்ணீர். வலி மாத்திரை இனி ஜென்மத்துக்கும் கூடாது, வயிற்றுப் புண் மாத்திரை மட்டும். இன்றைக்கு இட்லி உத்தரவு: இரண்டு, மெதுவாக, காரம் இல்லாமல்.

எனக்கும் திங்கள்கிழமையிலிருந்து டீயும் பன்னும்தான்.

கேண்டீனில் கடைசி இரண்டு இட்லி கிடைத்தது. எ.வீ. மடியில் துண்டு விரித்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். சாம்பாரில் காரம் இருக்கிறதா என்று ஒரு விள்ளல் பார்த்தேன். இல்லை. சூடு சரியா என்று ஒரு விள்ளல். சரி. நடுவில் வெந்திருக்கிறதா என்று பார்த்தேன். வெந்திருந்தது. இரண்டாவதும் அதேபோல வெந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது? அதையும் பார்த்தேன்.

எ.வீ. வாயைத் திறந்தார். தட்டில் சாம்பார் இருந்தது.