கேட்காமல் விட்ட சாட்சி

கங்கையம்மன் துணை

சதுரங்கப்பட்டினம்
14-7-1976

அன்புள்ள மச்சானுக்கு, சொர்ணம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பாப்பாவும் நலம். உங்கள் இருமல் குறைந்ததா? வெறும் தரையில் படுக்காதீர்கள். இதை வேலூர் ஜெயிலில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும், மறைக்க ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் கேஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷம் என்று தீர்ப்பு வந்த அன்றே, அப்பீல் போட்டுவிடுவதாக வக்கீல் தாமோதரன் சொன்னார் அல்லவா? செங்கல்பட்டுக்கு நான் போகும்போதெல்லாம், "மெட்ராஸ்ல நடந்துகினு கீதும்மா, பேஜார் பண்ணாத" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அப்பீல் நம்பரைக் காட்டுங்கள் என்று போன மாதம் கேட்டேன். கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. கோர்ட் வாசலில் விசாரித்து, பிரபாவதி என்கிற பெண் வக்கீலிடம் போய் அழுதேன். அவர் ஹைகோர்ட்டுக்கே போய்த் தேடிப் பார்த்தார். உங்கள் பேரில் அப்பீலே இல்லை மச்சான். கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டது.

அன்று பஸ்ஸில் எப்படி வீடு வந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் வழி அடைபடவில்லை என்கிறார் பிரபாவதியம்மா. தாமோதரனை நீக்கிவிட்டுத் தன் பேருக்கு நீங்கள் வக்காலத்து கொடுக்க வேண்டும். ஏன் தாமதம் என்று மனு எழுதி, அதோடு அப்பீலும் போடலாமாம். கேஸ் கட்டைத் தாமோதரன் தரவில்லை. கோர்ட்டிலேயே நகல் வாங்கிவிட்டோம். பார் கவுன்சிலில் அவர் மேல் புகார் கொடுக்கவேண்டும் என்று நான் கொதித்தேன். "அதையும் கொடுக்கலாம். மொதல்ல உங்க வீட்டுக்காரர் வெளிய வரணும்" என்றார்.

நீங்கள் கொன்றதாகச் சொல்கிற கங்காதரண்ணனுக்கு வலிப்பு உண்டு என்று நான் சொன்னதும், நகலைப் படித்தவர், இதைக் கோர்ட்டில் யாருமே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள்தான் முதல் நாளே தாமோதரனிடம் சொன்னீர்களே! பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர் கூண்டில் நின்றபோது தாமோதரன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முந்தின நாள் வலைக்காக நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டதை மட்டும் குப்பமே வந்து சொன்னது. கட்டுமரத்தில் கங்காதரண்ணனுக்கு வலிப்பு வந்ததையும், விழும்போது கட்டையில் மண்டை மோதியதையும், நீங்கள் குதித்துத் தேடியதையும் கடல்தான் பார்த்தது. வலிப்பு உண்டு என்பதையாவது அவர் பெண்சாதி பூவாயி அண்ணி சொல்லியிருக்கலாம். அவர்களைக் கூப்பிடவே இல்லை.

அண்ணி போன வாரம் தானாக நம் வீட்டுக்கு வந்தார்கள். வலிப்பு விஷயம் தெரிந்தால் மகளை யாரும் கட்டமாட்டார்கள் என்று வாயை மூடியிருந்தார்களாம். இப்போது மூட முடியவில்லை. "மத்தியானம் கருவாடு காயப்போடப் போறேன். செத்துப்போன எங்க ஊட்டு ஆளு தண்ணி சொட்டச் சொட்ட மணல்ல நிக்கிறாரு சொர்ணம். பேச மாட்றாரு. மேக்கால கைய காட்டிகினு நிக்கிறாரு" என்றார்கள். வேலூர் மேற்கேதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவர்களே சொன்னார்கள். கரைப்பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்கிறேன் என்று என் கையைப் பிடித்தார்கள். அந்தக் கை சில்லிட்டிருந்தது. ஹைகோர்ட் புது சாட்சியை ஏற்றுக்கொள்ளும் என்று உறுதி இல்லை என்கிறார் பிரபாவதியம்மா. கேட்டுப் பார்க்கலாமாம்.

உங்கள் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. கங்காதரண்ணன் வந்து பக்கத்தில் உட்காருகிறார், அவர் தலைமுடி கையில் அகப்பட்டும் வழுக்கிப்போனது, எனக்கு அப்பீல் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். மச்சான், நீங்கள் பிடித்தீர்கள், கடல் பிடுங்கிக்கொண்டது. காற்று தெற்கேயிருந்து அடிக்கும்போது அவர் உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது எனக்கும் கேட்கிறது. அது கொன்றவனைக் கூப்பிடுகிற குரல் இல்லை. கூட்டாளியைக் கூப்பிடுகிற குரல்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பிரபாவதியம்மா காகிதங்களோடு வேலூர் வருவார். போன தடவை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அவரிடம் அப்படிச் செய்யாதீர்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்காகப் போட மனசு வராவிட்டால் அண்ணிக்காகப் போடுங்கள். நீங்கள் வெளியே வந்தால்தான் கங்காதரண்ணன் அடங்குவார், நடுப்பகலில் அவர்கள் பயமில்லாமல் கரைக்கு வரமுடியும்.

அம்மன் உங்கள் கண்ணுக்குத் தூக்கம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொர்ணம்