கம்பைலர் சொன்ன பொய்

12 ஆகஸ்ட் 2002, திங்கள்

செல்லூர் நூல் கடைக்கான எடை மெஷின் புரோகிராமைக் கருத்தக்கண்ணன் எழுதுகிறான். தப்பு தேடும் டீபக்கரில், எடையைக் கணக்கிடும் அவனுடைய ஃபங்ஷனைக் கூப்பிட்டு இரண்டரை கிலோ என்று கொடுத்தால் ஏதோ குப்பை எண் வருகிறது. “ஓடவிட்டா சரியா வருதுக்கா. டீபக்கர்ல கூப்பிட்டா மட்டுந்தான் தப்பு. கம்பைலர்ல எதுவும் இருக்குமா?” என்றான். எழுதிய புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் என் பொறுப்பு. எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “உன் புரோகிராம்லதான் தப்பு. திருப்பி எழுது.”

14 ஆகஸ்ட்

திருப்பி எழுதிவிட்டான். மெஷின் கடைக்குப் போய்விட்டது.

19 ஆகஸ்ட்

மெஷின் எடையைக் கூட்டிக் காட்டுகிறதாம். கடைக்காரர் ஆபீஸுக்கே வந்து சத்தம் போட்டார். அவசரத்தில் புதிதாக எழுதியதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. மேனேஜர் ஹாலாஸ்யம் சார் எல்லோர் எதிரிலும் திட்டி, கருத்தக்கண்ணனை அந்த வேலையிலிருந்தே எடுத்துவிட்டார். அவன் என்னைக் கை காட்டவில்லை.

20 ஆகஸ்ட்

மனசு கேட்காமல் அவன் முதலில் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். தப்பே இல்லை. பழைய பாணி சி மொழி. ஃபங்ஷனுக்குள் போகும் எண் என்ன வகை என்று முன்கூட்டி அறிவிக்கவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஃபங்ஷனுக்குத் தசம எண்ணை இரண்டு மடங்கு இடம் பிடிக்கும் வடிவத்தில் அனுப்ப வேண்டும். என் கம்பைலரோ, எல்லா ஃபங்ஷனும் வகை சொல்லி அறிவித்தவைதான் என்று டீபக்கருக்குத் தகவல் எழுதிவைத்திருக்கிறது. டீபக்கர் அதை நம்பி எண்ணைச் சின்ன வடிவத்திலேயே அனுப்பியிருக்கிறது; அதனால்தான் குப்பை எண்.

கம்பைலரில் அந்தத் தகவலைத் தரும் வரி நான் எழுதியது. அவன் கேட்டப்பவே பாத்திருந்தா என்ன? எனக்கு எதுக்கு அம்புட்டுத் திமிர்?

21 ஆகஸ்ட்

யாரிடமும் சொல்லவில்லை.

22 ஆகஸ்ட்

கம்பைலரைத் திருத்திவிட்டேன். இரண்டரைக்கு இரண்டரையே வந்தது. மாற்றக் குறிப்பில் “சிறு திருத்தம்” என்று எழுதினேன். சிறு திருத்தமா — ஒருத்தன் தலைகுனிஞ்சு நின்னது?

23 ஆகஸ்ட்

சாரிடம் சொன்னேன். “அதான் சரி பண்ணிட்டியே ஸ்யாமளா, விடும்மா” என்றார்.

“அவன் எழுதினது சரியா இருந்துச்சு சார். நான்தான் மாத்தச் சொன்னேன். எல்லார் முன்னாடியும் திட்டுனீங்க. எல்லார் முன்னாடியும் சொல்லணும்.”

எல்லோரையும் கூப்பிட்டார். சொன்னேன். “நானும் இன்னொருக்கா கேட்டிருக்கணும்க்கா” என்றான் கருத்தக்கண்ணன். திட்டியிருந்தால் தேவலை.

2 செப்டம்பர்

நூல் கடை வேலை மறுபடி அவனிடம். எடை சரியாகிவிட்டது. ஆனால் சந்தேகம் வந்தால் இப்போது அவன் என்னிடம் வருவதில்லை. இன்று மதியம் வெகுநேரம் தனியாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியை இழுத்துக்கொண்டு போனேன்.

“என்ன வருது, காட்டு. மொதல்ல கம்பைலரைப் பாத்துருவோம்.”

அவன் மானிட்டரைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினான்.